மறந்தவன் கணக்கு: சீட்டாட்டத்தில் தூண்டலும் குறுக்குவழியும்

1

விதிகள் என்ன சொல்கின்றன என்பது பற்றி நம் வட்டாரங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். ஒரு விதி எந்த இடத்தில் ஒருவரை வாய்மூடி இருக்க அனுமதிக்கிறது, அப்படி அவர் வாய்மூடி இருப்பதன் லாபம் யார் பக்கம் போய்ச் சேர்கிறது என்பது பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. என்னை இதைப் பற்றி யோசிக்க வைத்தது ஒரு சீட்டாட்டம். சீட்டாட்டம் என்றதும் முகம் சுளிக்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பணம் வைத்து ஆடும் ஆட்டம் பற்றி இங்கே பேச்சில்லை.

அக்கா மகன் சென்னையில் கல்லூரியில் படிக்கிறான். லீவு விட்டால் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி என் வீட்டுக்கு வந்துவிடுவான். கூடவே இரண்டு கட்டுச் சீட்டும் வரும். ஒவ்வொரு சீட்டும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். ‘மேஜிக்: த கேதரிங்’ என்று பெயர். அவன் விடாமல் சொல்லிக்கொடுத்ததில் நானும் ஓரளவு ஆடப் பழகியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் முன்னால் கிடந்த ஒரு சீட்டில், என் முறை தொடங்கும்போதெல்லாம் நான் ஒரு சீட்டு கூடுதலாக எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. மூன்று முறை மறந்துபோனேன். நாலாவது முறை ஞாபகம் வந்து நிமிர்ந்தால், அவன் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

“ஏன்டா சொல்லல?”

“அது உங்க சீட்டு மாமா. நீங்கதான் ஞாபகம் வெச்சிக்கணும். போட்டியில நான் சொல்லணும்னு ரூல் கெடையாது.”

“தெரிஞ்சிக்கிட்டே சும்மா இருந்தியா?”

“தெரிஞ்சிதான் இருந்தேன். நீங்க கேட்டிருந்தா பொய் சொல்லியிருக்க மாட்டேன்.”

எனக்கு வந்த கோபம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ரொம்ப அதிகம். அது அவன்மேல் வந்த கோபமில்லை என்பது ராத்திரிதான் புரிந்தது. 2010இல் நான் போட்ட ஒரு கையெழுத்து ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஆட்டத்தைப் பார்த்துவிடலாம். அதன் விதிகளை விலாவாரியாகப் பார்க்காமல் அதை உவமையாக மட்டும் எடுத்துக்கொள்வது சரியாக இருக்காது.

2

இந்த ஆட்டத்தை உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்கிற அமெரிக்கக் கணிதவியலாளர். 1993இல் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் இதை வெளியிட்டது. ரம்மியில் எல்லோருக்கும் பொதுவான கட்டு. இங்கே ஆளாளுக்குத் தன் கட்டைத் தானே சேர்த்து, தானே தொகுத்துக்கொண்டு வர வேண்டும். அதைவிட முக்கியமான வித்தியாசம், ஒவ்வொரு சீட்டும் ஒரு பிரதி. அதில் வாக்கியங்கள் இருக்கின்றன. சீட்டில் எழுதியிருப்பது பொது விதிக்கு முரணாக இருந்தால் சீட்டின் சொல்லே செல்லும் என்பது இந்த ஆட்டத்தின் அடிப்படை விதி. ஆகவே இதை ஆடுவது என்பது பாதிக்கு மேல் வாசிப்புதான்.

சீட்டில் உள்ள ஆற்றல்களைப் பெரும்பாலும் மூன்று வகையாகப் பிரிக்கலாம். சில சும்மா இருந்துகொண்டே செயல்படும். சில, நாம் விலை கொடுத்து இயக்கினால் இயங்கும். மூன்றாவது வகை ஒரு நிகழ்ச்சிக்காகக் காத்திருக்கும். அது நடந்ததும் தானே கிளம்பும். இதைத்தான் தூண்டல் என்று இங்கே சொல்கிறேன். இதன் வாக்கியம் எப்போதும் ‘இன்னது நடக்கும்போது’, ‘நடக்கும்போதெல்லாம்’, ‘இன்ன கட்டத்தின் தொடக்கத்தில்’ என்கிற சொற்களோடு தொடங்குகிறது. கிளம்பிய தூண்டல் நேராகப் பலன் தருவதில்லை. ‘அடுக்கு’ என்கிற கற்பனையான இடத்தில் போய் உட்காரும். அங்கே அது இருக்கையில் எதிராளி பதில் நடவடிக்கை எடுக்கலாம். இருவரும் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று விட்டுக்கொடுத்த பிறகே அது நிறைவேறும். இப்படிச் செயல்படும் உரிமைக்கு முன்னுரிமை என்று பெயர். அது இருவரிடையே கைமாறிக்கொண்டே இருக்கிறது.

விதிப்புத்தகத்தின்படி நிபந்தனை நிறைவேறிய கணத்திலேயே தூண்டல் பிறந்துவிடுகிறது. யாரும் அதைக் கூப்பிட வேண்டியதில்லை. இதே ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஆடினால் எந்திரமே ஞாபகம் வைத்துக்கொள்கிறது. மறதி என்கிற பிரச்சினையே எழாது. மேஜையில் எந்திரம் இல்லை. இரண்டு மனுஷர்கள்தான் இருக்கிறார்கள். காகிதத்தில் தானாக நடந்துவிட்டது, மேஜையில் நடக்கவில்லை. இந்த இடைவெளியில்தான் நமது விஷயம் இருக்கிறது.

வினையெச்சத்தில் ஆர்வமுள்ளவர்களுக்காக ஒரு சின்ன விலகல். கொனாமி நிறுவனத்தின் ‘யூ-கி-ஓ’ என்கிற இன்னொரு சீட்டாட்டத்தில் ‘நடக்கும்போது செய்துகொள்ளலாம்’ என்று எழுதிய சீட்டும், ‘நடந்தால் செய்துகொள்ளலாம்’ என்று எழுதிய சீட்டும் வேறு வேறு. ‘போது’ என்றிருந்தால் அந்த நிகழ்ச்சியே கடைசியாக நடந்ததாக இருக்க வேண்டும். அதன்பின் வேறு ஏதாவது நடந்துவிட்டால் வாய்ப்பு போச்சு. ‘ஆல்’ என்றிருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. ஒரு விகுதியில் உரிமை பிழைக்கிறது அல்லது சாகிறது. சட்டப் பிரதிகளை வாசிக்கிற நமக்கு இது புதிதல்ல, ஆனால் இருபது வயசுப் பையன்கள் இதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புதிது.

3

மறந்த தூண்டலை என்ன செய்வது? மேஜிக்கின் போட்டி விதிகள் இதற்குத் தரும் பதிலைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, உன் தூண்டலை நினைவில் வைத்திருப்பது உன் பொறுப்பு. எதிராளி நினைவூட்ட வேண்டியதில்லை, விரும்பினால் சொல்லலாம். எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆட்டத்தின் நிலை சரியாக இருப்பதற்கு இருவருமே பொறுப்பு என்பதுதான் பழைய நிலைமை. எதிராளியின் லாபத்தைக்கூட நாமே எடுத்துச் சொல்லியாக வேண்டும். தன்னை வீழ்த்தப்போகும் சீட்டைத் தானே ஞாபகப்படுத்துவது யாருக்கும் உவப்பாக இல்லை. சொல்லாமல் விட்டால் மறந்துவிட்டானா மறைத்துவிட்டானா என்று நடுவர் மனசுக்குள் புகுந்து பார்க்க வேண்டியிருந்தது. 2012இல் இதை மாற்றினார்கள்.

இரண்டாவது, தன் தூண்டலை வேண்டுமென்றே விட்டுவிடுவது மோசடி. எல்லாத் தூண்டலும் சொந்தக்காரனுக்கு லாபமாக இருக்காது. சில அவனுக்கே கேடு செய்யும். அதை ‘மறந்துபோனேன்’ என்று தப்பிக்க முடியாது. பொதுவாக மறதிக்குத் தண்டனை இல்லை. ஆனால் மறந்தது தனக்குக் கேடு செய்யும் தூண்டல் என்றால் எச்சரிக்கை உண்டு.

மூன்றாவது, பிறகு ஞாபகம் வந்தால்? ரொம்ப நாழியாகிவிடவில்லை என்றால், அந்தத் தூண்டலை இப்போது அடுக்கில் வைக்கலாமா கூடாதா என்று எதிராளி முடிவு செய்வார். ஒரு சுற்றுக்கு மேல் ஆகிவிட்டால் போனது போனதுதான்.

நான்காவது, வாய்மூடி இருக்கலாம், பொய் சொல்லக் கூடாது. இருவரும் பார்க்க உரிமையுள்ள விவரங்களைப் பற்றி நேராகக் கேட்டால் முழுசாகவும் நேர்மையாகவும் பதில் சொல்லியாக வேண்டும். சீட்டு தெரியாத மொழியில் அச்சாகியிருந்தால் அதன் அதிகாரபூர்வமான வாசகத்தைக் கேட்டு வாங்கிப் படிக்க ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு. கை தூக்கினால் நடுவர் வருவார். ஆனால் அவரும், எச்சரிக்கை தர வேண்டியிருந்தாலோ மோசடி என்று சந்தேகப்பட்டாலோ தவிர, மறந்த தூண்டலைத் தானாக வந்து சுட்டிக்காட்ட மாட்டார்.

கடைகளில் நடக்கும் சாதாரண ஆட்டங்களுக்கு இவ்வளவு கறார் கிடையாது. அங்கே ‘செய்துகொள்ளலாம்’ வகைத் தூண்டலை மறந்தால் வேண்டாமென்று விட்டதாகக் கொள்வார்கள். கட்டாயத் தூண்டலாக இருந்து, ஆட்டம் ரொம்பக் குலையாது என்று தோன்றினால், இப்போதே வைத்துக்கொள்ளச் சொல்லலாம். அதே சீட்டு, அதே மறதி. எந்த அரங்கில் மறக்கிறோம் என்பதைப் பொறுத்து விலை மாறுகிறது.

4

இனிக் குறுக்குவழி. தமிழில் இந்தச் சொல்லுக்கு நல்ல பெயர் இல்லை. குறுக்குவழியில் வந்தவன் என்றால் திட்டு. ஆட்டத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு முறையிலும் பல கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் முன்னுரிமை கைமாற வேண்டும். எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லி ஆடினால் ஒரு ஆட்டம் விடிய விடிய நடக்கும். ஆகவே ‘உன் முறை’ என்று ஒரு வார்த்தை சொன்னால், இடையில் உள்ள அத்தனை வாய்ப்புகளையும் விட்டுக்கொடுத்து முறையின் கடைசிக்கு வந்துவிட்டதாகக் கொள்ளப்படும். ஒரு மந்திரச் சீட்டை இறக்கினால், முன்னுரிமையை எதிராளிக்கு விட்டுவிட்டதாகவே அர்த்தம். ‘இல்லை, நான் விடவில்லை, கையில் வைத்திருக்கிறேன்’ என்று வெளிப்படையாகச் சொன்னால் மட்டுமே விடவில்லை என்று ஆகும். அனுமானத்திலிருந்து விலகுகிறவன்தான் வாய் திறக்க வேண்டும்.

நமக்கும் இது தெரியாததில்லை. எங்கள் பக்கத்துச் சங்கக் கொட்டகையில் ரம்மி ஆடும்போது விரலால் இரண்டு தட்டு தட்டினால் ‘நான் டிராப்’ என்று பொருள். வேறு கொட்டகையில் அதே தட்டுக்கு ‘சீக்கிரம் போடுய்யா’ என்று பொருள். புதுசாக வந்தவன் ஒரு ஆட்டம் தோற்ற பிறகுதான் அதைத் தெரிந்துகொள்கிறான். தொல்காப்பியம் பத்து வகை எச்சங்களைப் பட்டியலிடுகிறது. சொல்லாமல் விட்டதைக் கேட்பவன் நிரப்பிக்கொள்வான் என்கிற நம்பிக்கையில்தான் வாக்கியமே நடக்கிறது. இரண்டு பேரும் ஒரே மாதிரி நிரப்பவில்லை என்றால் என்ன ஆகும்?

2017 பிப்ரவரியில் டப்ளினில் நடந்த தொழில்முறைப் போட்டியில் அதுதான் ஆனது. ஒரு ஆட்டக்காரர் ‘போருக்குப் போகிறேன்’ என்கிற பொருளில் ஒரே ஒரு சொல் சொன்னார். போரின் தொடக்கக் கட்டத்தில் நின்று ஒரு தூண்டலைப் பயன்படுத்துவது அவர் எண்ணம். அப்போதைய குறுக்குவழி விதிப்படி அந்தச் சொல், தொடக்கக் கட்டத்தைத் தாண்டி, யார் தாக்குகிறார்கள் என்று அறிவிக்கும் கட்டத்துக்கே கொண்டுபோய்விடும். நடுவர்கள் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னார்கள். அவர் நிற்பதாக நினைத்த இடம் அவர் காலடியில் இல்லாமல் போயிற்று. பெரிய சர்ச்சை. அதே ஆண்டிலேயே விதியை மாற்றி, எதிராளி ஏதும் செய்து முடித்த பிறகும் போரின் தொடக்கத் தூண்டல்களை அறிவிக்கலாம் என்று ஆக்கினார்கள்.

இந்த விதி ஒன்றும் வஞ்சகமாக எழுதப்பட்டதல்ல. எதிராளியின் வாயைப் பிடுங்கி, அவர் ஏதாவது செய்த பிறகு ‘நான் இன்னும் போருக்கே போகவில்லையே’ என்று பின்வாங்கும் தந்திரத்தைத் தடுக்கவே அது இருந்தது. விட்கன்ஸ்டைன் மொழி விளையாட்டு பற்றிச் சொன்னதை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். சொல்லின் பொருள் அதன் பயன்பாட்டில் இருக்கிறது என்கிறோம். சரி. ஆனால் எந்தப் பயன்பாடு வழக்கமானது என்று தீர்மானிக்கிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் கூடவே கேட்க வேண்டும்.

மௌனத்திலும் வகை உண்டு. கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் நண்பர்களோடு முந்நூற்றுநாலு ஆடியிருக்கிறேன். யாழ்ப்பாணத்து ஆட்டம். துரும்பு கூறுகிறவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அது என்ன சாதி என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கவிழ்ந்த சீட்டு ஒன்று இருக்கிறது என்பது நாலு பேருக்கும் தெரியும். அது இருவரும் அறிந்த மௌனம். என் மருமகன் காத்த மௌனம் வேறு. அங்கே சீட்டு மல்லாந்துதான் கிடந்தது. நான்தான் பார்க்கவில்லை. மூன்றாவதாக ஒரு மௌனம் இருக்கிறது. சீட்டு இருக்கிறது என்பதே ஒருவனுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று மற்றவன் ஏற்பாடு செய்து வைத்திருப்பான். இதை எந்த ஆட்ட விதியும் அனுமதிப்பதில்லை.

5

இப்போது அந்தக் கையெழுத்து.

1981இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. தொழில் நிறுவனங்களில் தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணிசெய்த தொழிலாளி நிரந்தரமாக்கப்பட வேண்டும் என்கிறது அதன் மூன்றாம் பிரிவு. இதைவிடச் சுத்தமான தூண்டலைச் சீட்டில்கூடப் பார்க்க முடியாது. நிபந்தனை ஒன்று, விளைவு ஒன்று. ஆனால் வினையைக் கவனியுங்கள்: ‘ஆக்கப்பட வேண்டும்’. யார் ஆக்க வேண்டும்? செயப்பாட்டு வினையில் எழுவாய் ஒளிந்துகொள்கிறது. 480ஆம் நாள் காகிதத்தில் தானாக வந்துவிடுகிறது. உலைக்கு முன்னால் நிற்பவனுக்கு அது 479ஆம் நாள் மாதிரியே இருக்கிறது.

நான் 2008 முதல் 2010 வரை இந்தத் தொழிற்பேட்டையில் ஒரு உருக்காலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தேன். நடுவில் ஒருநாள், நாளையிலிருந்து வேறு ஒப்பந்தக்காரர் என்றார்கள். அதே கேட், அதே உலை, அதே சூப்பர்வைசர். அட்டையில் மட்டும் புதுப் பெயர், புது எண். மேஜிக்கில் இதற்கு அச்சு அசலான விதி ஒன்று இருக்கிறது. களத்தை விட்டு வெளியே போய்த் திரும்பி வரும் சீட்டு, முந்தைய வாழ்வின் நினைவு ஏதுமில்லாத புதுப் பொருளாகக் கருதப்படும். அதன்மேல் சேர்ந்திருந்த கணக்கெல்லாம் அழிந்துவிடும். இதற்காகவே சீட்டை ஒரு கணம் வெளியே எடுத்து உள்ளே வைக்கும் தந்திரங்கள் உண்டு. மருமகன் இதை விளக்கியபோது எனக்கு அந்தப் புது அட்டைதான் கண்ணில் தெரிந்தது.

2010இல் கணக்கு முடித்து அனுப்பினார்கள். ஒரு தாள். மேலே இங்கிலீஷில் நாலு வரி, கீழே ரெவின்யூ ஸ்டாம்ப். “போடுய்யா, பின்னாடி ஆள் நிக்கிது.” போட்டேன். வீட்டில் சுவர்க் காலண்டரில் வேலைக்குப் போன நாளையெல்லாம் சிவப்புப் பேனாவில் சுழித்து வைத்திருந்தாள் மனைவி, பால் கணக்குக்காக. பல மாதம் கழித்து சங்கத் தோழர் ஒருவர் எண்ணிப் பார்த்து 494 என்றார். எனக்குத் தூண்டல் நடந்து முடிந்திருந்தது, நான் மறந்திருந்தேன். மறந்திருந்தேன் என்பதுகூடச் சரியில்லை, அப்படி ஒரு சீட்டு என் முன்னால் கிடக்கிறது என்பதே தெரியாது. அந்த நாலு வரி, எனக்கு வர வேண்டியது எல்லாம் வந்துவிட்டது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று சொல்லியது. ‘உன் முறை’ என்று ஒரு வார்த்தை சொல்லி எல்லாக் கட்டத்தையும் விட்டுக்கொடுத்ததாக ஆகும் இல்லையா, அதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவரும் ஒரே விதிப்புத்தகத்தின் கீழ் இருக்கிறார்கள். இருவருக்கும் தொடக்கத்தில் 20 உயிர்ப்புள்ளி. இருவர் சீட்டும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கிடக்கிறது. அதனால்தான் ‘அவரவர் நினைவு அவரவர் பொறுப்பு’ என்பது அங்கே நியாயமாக இருக்க முடிகிறது. கோபம் தணிந்த பிறகு மருமகன் செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது. தொழிற்சாலையில் வருகைப் பதிவேடு ஒரு பக்கம்தான் இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து இங்கே தகரக் கூரையின் கீழ்த் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு, கையெழுத்துப் போடும் தாளின் வாசகத்தைத் தங்கள் மொழியில் கேட்டு வாங்கலாம் என்று யாரும் சொல்வதில்லை. அந்தச் சட்டத்தில் ஆய்வாளருக்கு இடமிருக்கிறது. ஆனால் கை தூக்கியவன் அடுத்த நாள் கேட்டுக்கு வெளியே நிற்பான் என்றால், நடுவர் இருந்து என்ன பிரயோசனம்? சமமானவர்களுக்கு எழுதிய மறதி விதியைச் சமமற்ற இடத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டு, ‘நீதானே கேட்கவில்லை’ என்பதுதான் நடக்கிறது.

6

அப்படியானால் ஆட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லையா? இருக்கிறது.

மருமகன் தன் தூண்டல் சீட்டுகளின் மேல் ஒரு சின்னப் பகடையை வைத்துவிடுகிறான். சிலர் கட்டின்மேலேயே வைப்பார்களாம். சீட்டு எடுக்கக் கை போனால் பகடை தட்டும், ஞாபகம் வரும். நினைவைத் தலைக்குள் நம்பாமல் மேஜைக்குக் கொண்டுவருவது. எங்கள் வீட்டுப் பால் கணக்குக் காலண்டர் அதைத்தான் செய்திருந்தது, நோக்கம் வேறாக இருந்தாலும். இப்போது சங்கத்தில் புதிதாக வருபவருக்கு முதலில் கொடுப்பது ஒரு பாக்கெட் நோட்டு. தேதி, ஷிப்டு, அட்டையில் யார் பெயர். கணக்கில் சேரும் நாட்கள் எவை என்பதையும் சொல்லிவிடுகிறோம். வேலையில் அடிபட்டுப் படுத்திருந்த நாளும், சம்பளத்தோடு எடுத்த லீவும், மகப்பேறு விடுப்பும் அந்தச் சட்டத்தின் விளக்கத்தில் இருக்கின்றன. பலரும் அவற்றைத் தாங்களே கழித்துவிட்டு எண்ணுகிறார்கள்.

இரண்டாவது, ‘முன்னுரிமையை நான் விடவில்லை’ என்கிற வாக்கியம். குறுக்குவழியை உடைக்கச் சண்டை தேவையில்லை, சொன்னால் போதும். ஆனால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டும், பிறகு அல்ல. தொழிலாளர்களிடையே இதற்கு ஒரு பழைய வாக்கியம் இருக்கிறது: ‘எதிர்ப்புடன் பெற்றுக்கொண்டேன்’. பணத்தை வாங்கு, கையெழுத்தையும் போடு, பக்கத்தில் இந்த இரண்டு சொல்லை உன் மொழியில் எழுது. இந்திக்காரப் பையனுக்கு இந்தியில், ஒடியாக்காரனுக்கு ஒடியாவில். இதனால் மட்டும் வழக்கு ஜெயித்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் நீ எல்லாக் கட்டத்தையும் தாண்டிவிட்டதாக எவரும் அனுமானிக்க முடியாமல் போகும். 2010இல் எனக்கு இந்த இரண்டு சொல் தெரியாது.

மூன்றாவது, டப்ளின். தீர்ப்பு அந்த ஆட்டக்காரருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் ஆடுகிறவர்கள் சத்தம் போட்டார்கள், விதி மாறியது. விதியை எழுதுகிறவர்கள் ஆடுகிறவர்களின் சத்தத்தைக் கேட்கும் தூரத்தில் இருந்தார்கள். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது, குறித்த கால வேலை என்பது தொழிலுறவுத் தொகுப்பில் சட்டபூர்வமாக உட்கார்ந்தது. காலம் முடிந்தால் வேலையும் முடிந்தது. நிபந்தனை நிறைவேறுவதற்கு முன்பே முறையை முடித்துவிடும் சீட்டு என்று எனக்குத் தோன்றுகிறது. இதை எழுதியவர்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தார்கள் என்று நண்பர்கள் யோசிக்கலாம்.

போன மாதம் மருமகன் வந்திருந்தான். மறுபடி ஆடினோம். இந்த முறை அவன் தன் தூண்டல் ஒன்றை மறந்தான். நான் பார்த்தேன். விதிப்படி நான் சும்மா இருக்கலாம்.

“டேய், உன் சீட்ட பாரு” என்றேன்.

“சொல்ல வேண்டியதில்ல மாமா.”

“தெரியும். நம்ம வீட்ல சொல்லுவோம். போட்டியில பாத்துக்கலாம்.”